பூமலையில் ஒரு பால்மரம்

ஊர் பார்க்கப் பணம் வேண்டும். பணத்தினும் முதன்மையாக ஓய்வு வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றோர் உலகைச் சுற்றி வருகின்றனர். ஒன்று வாய்த்து மற்றொன்று வாய்க்காதோர் பிறர் சொல்லக் கேட்டு மனநிறைவு கொள்கின்றனர். இரண்டும் வாய்க்காமல் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டு, கால்கள் தளர்ந்த பின்னர், ஒரே ஒரு நாள் சிங்கப்பூரைப் பார்த்துவரப் புறப்பட்டனர் ஒரு கணவரும் மனைவியும்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரம் அவர்களுடையது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பேருந்து ஏறியபோது பெரியவருக்கு அகவை 73, அம்மையாருக்கு 70. இருவரும் பால்மரம் சீவியே பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். அவர்கள் உழைத்த தோட்டம் கைமாறி, பால்மரங்கள் வீழ்த்தப்பட்டு, செம்பனை நடப்பட்டு, குடியிருந்த லயங்களும் தரைமட்டமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையே இப்போது அவர்களுடைய உலகம்.

1972இல் அவர்களுக்குத் திருமணம் ஆயிற்று. மணமான புதிதில் அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிங்கப்பூரை ஒருமுறை காட்டுவீர்களா?" பக்கத்து லயத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன தோழி ஒருத்தி, தாய்வீடு வந்தபோதெல்லாம் கடலையும் கப்பல்களையும் இரவைப் பகலாக்கும் விளக்குகளையும் பற்றிக் கதை கதையாகச் சொல்லியிருந்தாள். "அடுத்த ஆண்டு கட்டாயம் போவோம்" என்று வாக்களித்தார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. அந்நாளில் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. ஈப்போவில் செல்லும் தாள் சிங்கப்பூரிலும் அப்படியே செல்லும்.

1973 மே மாதத்தில் அவ்வேற்பாடு முடிவுற்றது. இரு நாணயங்களும் தத்தம் வழியே சென்றன. குடும்பமும் தன் வழியே சென்றது. மூத்தவன் பிறந்தான், அடுத்த ஆண்டு என்றார். ரப்பர் விலை இறங்கியது. அடுத்த ஆண்டு என்றார். மகளுக்குத் திருமணம், தாயாருக்கு மருத்துவம், தோட்டம் கைமாறியபோது வீடு தேடிய அலைச்சல் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுத்த ஆண்டு செலவாயிற்று. இவ்வாறு ஐம்பது அடுத்த ஆண்டுகள் கழிந்த பின், ஈப்போவில் ஒரு நாணயமாற்றுக் கடையில் 345 ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்து 100 சிங்கப்பூர் வெள்ளியை வாங்கியபோதுதான், தள்ளிப்போட்ட வாக்குறுதிக்கும் வட்டி உண்டு என்பது பெரியவருக்கு விளங்கியது.

அந்த 100 வெள்ளிக்குள் எல்லாம் முடிய வேண்டும். விடுதியில் தங்கினால் ஓர் இரவிலேயே அது கரைந்துவிடும் என்றான் மகன். எனவே பேருந்தையே விடுதியாகக் கொள்வதென்று முடிவாயிற்று. ஓர் இரவு போவதற்கு. மறு இரவு திரும்புவதற்கு. இடைப்பட்ட பகல் ஊர் பார்ப்பதற்கு. மூத்த குடிமக்களுக்குக் கடவுச்சீட்டுக் கட்டணம் 100 ரிங்கிட், மற்றவர்களுக்கு 200. "கிழவனானதில் கிடைத்த முதல் ஆதாயம்" என்று பெரியவர் சிரித்தார். நுழைவுப் படிவத்தைப் பேத்தி கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்பினாள். அம்மையார் புளிச்சோறு கட்டினார். உருளைக்கிழங்கு வறுவலை வாழையிலையில் பொதிந்தார். பெரியவர் ஒரு சிறு குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் சிங்கப்பூர் வெள்ளி, வலப்பக்கம் ரிங்கிட் என எழுதிக்கொண்டார். பிறர் எழுதிய கணக்கிலேயே தம் உழைப்பைக் கண்டு பழகியவர், அன்று தம் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கினார்.

விடியுமுன் ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் இறங்கி, 170ஆம் எண் பேருந்தைப் பிடித்தனர். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து, புக்கிட் தீமா சாலை வழியாக நகருக்குள் செல்லும் பேருந்து அது. இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் திறக்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆயினும் அதிகாலையில் அதைக் கடப்பது எளிதன்று. ஜொகூரில் உறங்கிச் சிங்கப்பூரில் உழைக்கும் இளைஞர்கள் இருள் பிரியுமுன்னே மோட்டார் சைக்கிள்களிலும் பேருந்துகளிலும் திரள் திரளாகச் சென்றுகொண்டிருந்தனர். தூக்கம் கலையாத அம்முகங்களை அம்மையார் நெடுநேரம் பார்த்தார். "பிரட்டுக்குப் போகிறார்கள், பாவம்" என்றார்.

குடிநுழைவுச் சாவடியில் ஒரு தடங்கல். கருவியின் கண்ணாடிமீது அம்மையார் கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. மறுகையும் அவ்வாறே. கத்திப்பிடியும் வாளிக் கம்பியும் பாலும் ஆண்டாண்டாகத் தேய்த்த விரல்களில் ரேகை தெளிவாக இல்லை. முன்னே கடந்துவிட்ட பெரியவர் தவித்து நின்றார். இத்தனை தொலைவு வந்தும் இவளை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. சாவடியில் இருந்த அதிகாரி ஓர் இளம்பெண். "என்ன வேலை செய்தீர்கள், அம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். "பால்மரம் சீவினேன், அம்மா." அந்தப் பெண் ஒரு கணம் பேசவில்லை. பிறகு ஈரத்தாளால் விரலைத் துடைக்கச் சொல்லி, மெல்ல அழுத்தச் சொன்னார். நான்காம் முறை கருவி ஏற்றுக்கொண்டது.

மகன் சொல்லியிருந்தபடி அவர்கள் முதலில் இறங்கிய இடம் தாவரவியல் தோட்டம். சிங்கப்பூர்த் தமிழர்கள் அதனைப் பூமலை என்றே வழங்குகின்றனர். 1859இல் அமைக்கப்பெற்ற இத்தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவர். நுழைவுக் கட்டணம் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியே பெரியவரின் பட்டியலில் பூமலைக்கு முதலிடம் பெற்றுத் தந்தது.

ஏழு மணியளவில் ஒரு மரத்தடி இருக்கையில் இருவரும் அமர்ந்தனர். பனி இன்னும் புல்லின்மேல் இருந்தது. அந்த வேளையில் அவர்கள் சும்மா இருந்து பழகியவர்கள் அல்லர். வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால்தான் பால்மரத் தொழிலாளியின் வாழ்க்கை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 500 மரங்கள். அவருக்கு ஒரு நிரை. அம்மையாருக்கு வேறொரு நிரை. பிள்ளை ஆயாக் கொட்டகையில். பால் நிறுக்கும் இடத்தில்தான் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "இந்த நேரத்தில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை, இல்லையாங்க?" என்றார் அம்மையார். பெரியவர் எண்ணிப் பார்த்தார். உண்மைதான்.

சிறிது தொலைவில் தெம்புசு மரம் ஒன்று தாழ்ந்த கிளையை நீட்டி நின்றது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் அச்சிடப்பட்டிருப்பது அம்மரந்தான். பெரியவர் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இந்த ஐந்து வெள்ளி நமக்குப் பதினேழு ரிங்கிட்டுக்கு மேல்" என்றார். மரத்தின் எதிரே நின்றும் மரத்தைக் காணவிடாமல் கணக்கு குறுக்கே நின்றது. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்தின் வாயிலில் மட்டும் கட்டணச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பெரியவர் பணப்பையில் கையை வைத்தார். அம்மையார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "காசு கொடுத்தா பூப் பார்ப்பது? வாங்க, போவோம்." அவருடைய கண்கள் வேலிக்கு அப்பால் ஒருமுறை சென்று மீண்டதைப் பெரியவர் கண்டார், காணாதவர்போல் நடந்தார்.

தோட்டத்திற்குள் ஒரு மரபுடைமைக் கூடம் இருக்கிறது. அங்கும் கட்டணம் இல்லை. விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இருவரும் படங்களை மட்டும் பார்த்து நகர்வதைக் கண்ட முதியவர் ஒருவர், தாமாகவே வந்து மலாய் மொழியில் சொல்லத் தொடங்கினார். கடைத்தெரு மலாய்தான், ஆயினும் கதை முழுதும் விளங்கிற்று.

1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 11 இந்தப் பூமலையில் நடப்பட்டன. 9 கன்றுகள் பேராக்கில் உள்ள கோலகங்சாருக்குச் சென்றன. 1888இல் இத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டிச் சிதைக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டில் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார்களிடம் ரப்பரை நடுங்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயரெடுத்தார். 1896இல் டான் சே யான் மலாக்காவில் முதன்முதலாக வணிகத்திற்கு ரப்பர் பயிரிட்டார். காப்பியின் விலை வீழ்ந்தது. உலகெங்கும் மோட்டார் வண்டிகள் பெருகின. பைத்தியம் என்றவர்கள் எல்லாரும் ரப்பரை நட்டனர். ரிட்லி நூறு வயது நிறைந்து 1956இல் மறைந்தார்.

முதியவர் சொல்லாத பகுதி பெரியவருக்குத் தெரியும். காடு அழிந்து தோட்டமானால் தோட்டத்திற்கு ஆள் வேண்டும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாயிற்று. கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். அவ்வாறு துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்தான் அவருடைய பாட்டனார். 22 கன்றுகள் இங்கே இறங்காதிருந்தால் பாட்டனாரும் பினாங்கில் இறங்கியிருக்கமாட்டார்.

ரப்பர் மரத்தினருகே ரிட்லி நிற்கும் பழைய படத்தை அம்மையார் உற்றுப் பார்த்தார். "விதை கொண்டுவந்தவர் பேர் இருக்கிறது. வெட்டும் முறை கண்டவர் பேர் இருக்கிறது. வெட்டினவர்கள் பேர் எங்கே இருக்கிறதுங்க?"

"செக்ரோலில் இருந்தது" என்றார் பெரியவர்.

கூடத்திற்கு வெளியே இலை கூட்டிக்கொண்டிருந்த இளைஞனிடம், இங்கே பால்மரம் உண்டா என்று விசாரித்தனர். பெரம்பலூர்க்காரன் அவன், ஒப்பந்த வேலைக்கு வந்தவன். பாட்டனார் துறையூர் என்றதும், "பக்கத்து ஊர்தான் ஐயா!" என்று முகம் மலர்ந்தான். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அழைத்துச் சென்றான்.

மரம் நின்றது. மூன்று மூன்றாய்ப் பிரிந்த இலைகள். வெடித்துச் சிதறிய காய் ஓடுகள் தரையில். அம்மையார் அருகே சென்று பட்டைமீது உள்ளங்கையை வைத்தார். அவர்களுடைய தோட்டத்து மரங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கோலகங்சார் மாவட்ட நில அலுவலகத்தின் எதிரே நிற்கும் பழைய மரத்தைப் பேருந்திலிருந்து பார்த்ததுண்டு, தொட்டதில்லை. "கோலகங்சாரில் இருப்பதற்கு இவ்வளவு தூரம் வந்தோமா?" என்று சிரித்தவர், பட்டையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். வெட்டு இல்லை. "இதை யாரும் சீவவே இல்லைங்க. கொடுத்து வைத்த மரம்."

"எப்படிச் சீவுவீர்கள், அம்மா?" என்றான் இளைஞன். அவன் பால்மரம் சீவப்படுவதைக் கண்டதில்லை.

அம்மையார் கையிலிருந்த குடையின் நுனியைக் கத்தியாகப் பிடித்தார். கூன் விழுந்த முதுகு நிமிர்ந்தது. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாக, ஒரே சாய்வில், ஒரே ஓட்டத்தில், பட்டையைத் தொடாமலே குடை இறங்கி வந்தது. கால்கள் தாமாகவே மரத்தைச் சுற்றி அடியெடுத்து வைத்தன.

"ஆழமாக வெட்டினால் பால் கூடுதலாக வருமா?"

"வரும், தம்பி. ஆனால் மரத்திற்குக் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. பட்டையை மட்டும் எடுக்க வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. மறுபடியும் நாளைக்கு அதே மரத்திடம்தானே வந்து நிற்க வேண்டும்?"

பெரியவர் வாய் திறவாமல் நின்றார். தம் மனைவி கைதேர்ந்தவர் என்று கங்காணி சொல்லக் கேட்டிருக்கிறார். கிராணி சொல்லக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் நிரை வேறு, இவர் நிரை வேறு. ஒருநாளும் அருகில் நின்று, அவசரமின்றி, அந்தக் கையைப் பார்த்ததில்லை. ஐம்பத்தோர் ஆண்டு உடன் வாழ்ந்தும் பார்க்காத ஒன்றை அன்று கட்டணமின்றிப் பார்த்தார்.

அங்கேயே புல்தரையில் அமர்ந்து புளிச்சோற்றைப் பிரித்தனர். இளைஞனுக்கும் ஒரு பங்கு வைத்தார் அம்மையார். அவன் வெட்கத்துடன் வாங்கிக்கொண்டான்.

பிற்பகலில் தேக்கா சந்தைக்குச் சென்று இரண்டு தேநீர் அருந்தினர். பெரியவர் குறிப்பேட்டைத் திறந்து இடப்பக்கத்தில் தொகையை எழுதினார். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டார். சிராங்கூன் சாலையில், வேண்டாம் வேண்டாம் என்ற மனைவிக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். அதற்கும் வலப்பக்கம் வெறுமை. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில் 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பப்பட்டு, பின்னர் வளர்ந்த கோயில். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்திருந்தமையால் கோபுரம் புது வண்ணத்தில் ஒளிர்ந்தது. கூலியாய் வந்தவர்களும் கும்பிட்ட அம்மனைக் கும்பிட்டு எழுந்தனர்.

கடற்கரையில் சிங்கத்தலையும் மீனுடலுமாய் நீர் உமிழ்ந்து நின்றது மெர்லயன். அது 1972இல் நிறுவப்பெற்றது என்று அறிந்ததும், "நம் கல்யாண வயது இதற்கு" என்றார் பெரியவர். 2002இல் அதனை முன்பிருந்த இடத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தனர். "அப்படியானால் அதையும் லயத்தை விட்டுக் கிளப்பியிருக்கிறார்கள்" என்றார் அம்மையார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர்.

மாலையில் கரையோரப் பூந்தோட்டத்தில் பதினெட்டுப் பெருமரங்கள் எழுந்து நின்றன. இரும்பாலும் காரையாலும் ஆனவை. 25 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை உயரம். 7.45க்கு இசை எழுந்தது. ஒளி வண்ணம் வண்ணமாய் மரத்துக்கு மரம் தாவியது. இதற்கும் கட்டணம் இல்லை. உலகத்து மக்களெல்லாம் தரையில் படுத்து அண்ணாந்து பார்த்தனர். அம்மையாரும் கணவரின் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். தோழி சொன்ன விளக்குகள் இவை அல்ல. அவள் சொன்ன காலத்தில் இவ்விடத்தில் நிலமே இல்லை, கடல்தான் இருந்தது. ஆயினும் வாக்குறுதி நிறைவேறிவிட்டது என்பதைப் பெரியவர் அம்முகத்தில் கண்டார்.

"ஐம்பது ஆண்டு காக்க வைத்துவிட்டேன்" என்றார் மெதுவாக.

"அன்றைக்கு வந்திருந்தால் இதெல்லாம் ஏதுங்க?" என்றார் அவர்.

லார்க்கின் திரும்பி இரவுப் பேருந்துக்குக் காத்திருந்தபோது பெரியவர் பணப்பையை எண்ணினார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நாணயமாற்றுக் கடை எதிரே இருந்தது. ரிங்கிட்டாக மாற்றிவிடலாமே என்று எழுந்தார். அம்மையார் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"மாற்ற வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"எதற்கு?"

"அடுத்த ஆண்டுக்கு. அந்தப் பூத்தோட்டத்தைக் காசு கொடுத்தே பார்த்துவிடுவோம்."

ஐம்பது ஆண்டுகளாக அச்சொல்லைச் சொல்லி வந்தவர் அவர். முதன்முறையாக அது அவரை நோக்கிச் சொல்லப்பட்டது. தெம்புசு மரம் அச்சிட்ட தாள்களை மடித்துக் குறிப்பேட்டினுள், வலப்பக்கத்து வெறும் ஏடுகளுக்கிடையே வைத்தார்.

செலவில்லாமல் ஊர் பார்த்து வந்தார்கள் என்று மகன் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அது முழு உண்மை அன்று. சில இடங்களுக்கு வாயிலில் கட்டணம் வாங்குகிறார்கள். வேறு சில இடங்களுக்கு உரிய கட்டணத்தை, அவ்விடம் எங்கே இருக்கிறது என்று அறிவதற்கு முன்னமேயே, ஒரு தலைமுறை விடியற்காலைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தித் தீர்த்திருக்கிறது.